ஆணைக்குழுவிலிருந்து நழுவிய நீதிபதி: டேவிட் டேவிஸ் குறித்த விவாத இழை

2024 ஜனவரி 14, வாசகர் ஒருவரின் கேள்வி

1860-இல் லிங்கனை வேட்பாளராக்கிக் கொடுத்ததற்குக் கூலியாகத்தான் இல்லினாய் மாநிலத்து டேவிட் டேவிஸுக்கு உச்ச நீதிமன்றப் பதவி கிடைத்தது. 1877-இல் அமெரிக்க அதிபர் யார் என்று முடிவுசெய்ய வேண்டிய ஆணைக்குழுவில் உட்கார வேண்டிய தருணத்தில், செனட் பதவியைக் காரணம் காட்டி அவர் நழுவிவிட்டார். இரண்டு இடத்திலும் ஆதாயம் அவருக்கே. பிறகு ஏன் எல்லோரும் அவரை நடுநிலையாளர் என்று எழுதுகிறார்கள்?

2024 ஜனவரி 15

கேள்வியின் முதல் பாதி ஏறக்குறைய உண்மை, இரண்டாம் பாதி பாதி உண்மை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. நான் பதினோரு ஆண்டுகளாக இல்லினாயின் புளூமிங்டன் நகரில் வசிக்கிறேன். டேவிஸ் வாழ்ந்து முடிந்த ஊர் இது. அவருடைய மாளிகையை ஊருக்கு வரும் விருந்தினர் அனைவருக்கும் காட்டிக் காட்டி, அங்கே என்ன சொல்லுவார்கள் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அவர் 1815 மார்ச் 9 அன்று மேரிலாந்து மாநிலத்தின் சீசில் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தார். மருத்துவரான தந்தை மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்; தாய் மறுமணம் செய்துகொண்டார். ஒஹாயோவின் கென்யன் கல்லூரியில் 1832-இல் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸின் லெனாக்ஸ் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் சட்டம் பயின்று, யேலிலும் சிறிது காலம் படித்துவிட்டு, 1835-இல் இல்லினாய்க்கு வந்து சேர்ந்தார். முதலில் பீகின், அடுத்த ஆண்டு புளூமிங்டன். இங்கே ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் வக்கீல் தொழிலை விட்டு நில வியாபாரத்துக்குப் போனபோது அவருடைய வழக்குகளை டேவிஸ் வாங்கிக்கொண்டார். லெனாக்ஸில் சந்தித்த சாரா வாக்கரை 1838-இல் மணந்தார். 1840-இல் மாநில மேலவைக்கு நின்று தோற்றார். 1844-இல் கீழவைக்கு நின்று வென்றார். அவர் அன்று ஜனநாயகக் கட்சிக்கு எதிராக நின்ற விக் கட்சிக்காரர், அந்தக் கட்சி இல்லினாயில் நிரந்தரச் சிறுபான்மை. ஒரே ஒரு தவணை இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

எனவே சட்டமன்ற உறுப்பினராக அவரைத் தேடுபவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தவை அவர் உட்கார்ந்த சட்டமன்றத்தைவிட அவருக்கு வாக்களித்த சட்டமன்றமும், 1847-இல் கூடிய அரசியலமைப்பு மாநாடும்தான். அவற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

2024 ஜனவரி 15, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது ஒரு வார்த்தை உறுத்தியது. "தோற்றார், வென்றார், திரும்பிவிட்டார்" என்று ஓடிவிட்டேன். அந்தத் தவணையில் இல்லினாய் அரசு கடனில் மூழ்கிக் கிடந்தது. 1837-இல் இரயில் பாதை, கால்வாய் என்று சட்டமன்றம் பெருந்திட்டம் போட்டு, அதே ஆண்டு நாடெங்கும் வந்த நிதி நெருக்கடியில் எல்லாம் சரிந்து, வட்டி கட்டக்கூட வழியில்லாத நிலை. அந்தத் திட்டத்துக்கு உற்சாகமாகக் கை தூக்கியவர்களில் லிங்கனும் ஒருவர். நண்பர் வாங்கிவைத்த கடனை அடைப்பதற்கு வழி தேடும் அவையில் டேவிஸ் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் எனக்கு அந்தக் காட்சி பிடித்திருக்கிறது.

2024 ஜனவரி 20

நீதிபதியாக அவர் என்ன செய்தார் என்பதை ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்வதற்கு முன் 1847 மாநாட்டுக்குப் போக வேண்டும்.

அதுவரை இல்லினாயில் நீதிபதிகளைச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1841-இல் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை, கவுன்டி கவுன்டியாகச் சுற்றி வழக்கு விசாரித்த சுற்று நீதிபதிகளின் பதவிகளையே ஒழித்து, நால்வர் இருந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் புதிதாக ஐவரைச் சேர்த்து, அந்த ஒன்பது பேரும் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்கட்டும் என்று சட்டம் இயற்றியது. சேர்க்கப்பட்ட ஐவரில் ஒருவர் பிற்காலத்தில் லிங்கனோடு மேடையில் மோதிய ஸ்டீபன் டக்ளஸ். விக் கட்சியினர் இதை மறக்கவில்லை. மாநாட்டுக்கு உறுப்பினராகப் போன டேவிஸ், நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தரப்பில் நின்றார். புதிய அரசியலமைப்பு 1848-இல் நடைமுறைக்கு வந்தது. சுற்று நீதிபதிக்கு ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எட்டாவது சுற்றின் நீதிபதியாக மக்கள் வாக்கில் டேவிஸ் தேர்வானார். தாம் வாதாடி உருவாக்கிய நாற்காலியில் தாமே ஏறி உட்கார்ந்தார் என்று இதையும் கேள்வி கேட்டவர் தமது பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். நான் தடுக்கமாட்டேன்.

எட்டாவது சுற்றில் அப்போது 14 கவுன்டிகள் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக, நீதிபதியும் வக்கீல்களும் ஒரு கவுன்டித் தலைநகரிலிருந்து அடுத்ததற்குப் போவார்கள். ஒரு சுற்று 400 மைலுக்கு மேல். முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். விடுதிகளில் ஒரு கட்டிலுக்கு இருவர் படுப்பார்கள். டேவிஸ் 300 பவுண்டுக்கு மேல் எடை கொண்டவர் என்பதால் அவருக்கு மட்டும் கட்டில் தனியாகக் கிடைத்தது. அவருக்குக் கால்சட்டை தைக்க வேண்டுமென்றால் தையற்காரர் போதாது, நில அளவையாளர்தான் வர வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு கேலி உண்டு. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களில் சேறு, மழை, அழுக்குப் படுக்கை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். ஆனாலும் 14 ஆண்டுகள் அந்தச் சுற்றை அவர் விடவில்லை. 1855-இலும் 1861-இலும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2024 ஜனவரி 21

நேற்று எழுதியதில் திருத்தம்: 14 கவுன்டி என்பது ஆரம்ப நிலை. 1853-இல் சுற்றின் எல்லையைச் சுருக்கினார்கள், 1857-இல் இன்னும் சுருக்கினார்கள். இரயில் வந்த பிறகு பல வக்கீல்கள் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பினார்கள். முழுச் சுற்றையும் விடாமல் வலம் வந்தவர்கள் டேவிஸும் லிங்கனும் இன்னும் ஓரிருவருமே.

2024 ஜனவரி 27

இன்று பனி கொஞ்சம் குறைந்திருந்ததால் காரை எடுத்துக்கொண்டு மெட்டமோராவுக்கும் மவுன்ட் புலாஸ்கிக்கும் போய்வந்தேன். எட்டாவது சுற்றின் பழைய நீதிமன்றக் கட்டடங்களில் அவை நின்ற இடத்திலேயே இன்றும் நிற்பவை இந்த இரண்டும்தான். மவுன்ட் புலாஸ்கி கட்டடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தைவிடச் சிறியது. கீழே அலுவலக அறைகள், மேலே விசாரணைக் கூடம். நான் ஏறிய படிக்கட்டில் 300 பவுண்டு நீதிபதி ஏறியிருப்பாரே என்ற நினைப்பில் கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்துக்கொண்டேன்.

இந்தக் கூடங்களில் நடந்தது நமக்குத் தெரிந்த நீதிமன்ற ஒழுங்கு அல்ல. டேவிஸுக்கு உடம்பு சரியில்லாதபோதும், வீட்டில் வேலை இருந்தபோதும், லிங்கனைத் தமது இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார். இப்படி லிங்கன் விசாரித்த சிறு வழக்குகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரு வக்கீல் நீதிபதி நாற்காலியில் உட்கார்வதற்குச் சட்டத்தில் இடம் இருந்ததா என்றால், வலுவான இடம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் போதும் என்பது அந்தப் புல்வெளி ஊர்களின் வழக்கம்.

லிங்கனோடு சேர்ந்து வழக்காடிய வார்டு ஹில் லேமன் எழுதிவைத்த ஒரு சம்பவமும் இங்கே பொருந்தும். ஒரு வழக்கில் லேமன் 250 டாலர் பேசி வாங்கியதை, அது அதிகம் என்று சொல்லி லிங்கன் பாதியைக் கட்சிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த டேவிஸ் லிங்கனை அருகில் அழைத்து, நீர் இப்படிக் குறைந்த கூலி வாங்கி இந்த வக்கீல் கூட்டத்தையே ஏழையாக்குகிறீர் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கண்டித்தார். அன்று இரவு விடுதியில் வக்கீல்கள் பொய் நீதிமன்றம் ஒன்று கூட்டி, லிங்கனைக் குற்றவாளி என்று தீர்த்து அபராதமும் போட்டார்கள். இந்த நெருக்கத்தை வைத்துத்தான் கேள்வி கேட்டவர் டேவிஸைச் சந்தேகிக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆறு மாதம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சிரித்தவர்களிடையே நீதிபதி, வக்கீல் என்ற இடைவெளி எங்கே இருக்கும்? இருந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

2024 பிப்ரவரி 3

இனி 1860. சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது டிரெமான்ட் ஹவுஸ் விடுதியில் லிங்கனுக்காக அலுவலகம் போட்டு உட்கார்ந்தவர் டேவிஸ். அவரைச் சுற்றி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் எட்டாவது சுற்றின் வக்கீல்களே: லெனர்ட் ஸ்வெட், ஸ்டீபன் லோகன், முன்பு தொழிலை விற்ற ஜெஸ்ஸி ஃபெல். ஜெயித்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்த நியூயார்க்கின் சீவர்டுக்கு முதல் சுற்றில் 173½ வாக்கு, லிங்கனுக்கு 102, தேவைப்பட்டது 233. மே 18 அன்று மூன்றாம் சுற்றில் லிங்கன் வென்றார். என்னைக் கட்டுப்படுத்தும் எந்த ஒப்பந்தமும் செய்யாதீர்கள் என்று அவர் ஊரிலிருந்து எழுதியனுப்பியிருந்தார். பின்னர் இண்டியானாவின் கேலப் ஸ்மித்தும் பென்சில்வேனியாவின் சைமன் கேமரனும் அமைச்சர்களானதைப் பார்த்தால், ஒப்பந்தம் நடக்கவில்லை என்று சொல்பவர்களுக்குத் தொண்டை கொஞ்சம் கமறத்தான் செய்யும்.

ஆனால் டேவிஸுக்கு உடனே எதுவும் கிடைக்கவில்லை. லிங்கன் பதவியேற்ற சில மாதங்களிலேயே உச்ச நீதிமன்றத்தில் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. 1862 ஜனவரியில் ஒஹாயோவின் நோவா ஸ்வேன், ஜூலையில் அயோவாவின் சாமுவேல் மில்லர் ஆகியோர் போனார்கள். மூன்றாவது இடத்துக்கு லிங்கனின் இன்னொரு பழைய நண்பரான ஆர்வில் பிரௌனிங் பெயரும் அடிபட்டது. ஸ்வெட் வெள்ளை மாளிகைக்கே போய், டேவிஸுக்குக் கொடுத்தால் எனக்கு நீங்கள் பட்ட கடனும் அதிலேயே கழிந்ததாக வைத்துக்கொள்கிறேன் என்று பேசியதாக அவரே பின்னர் சொன்னார். அக்டோபர் 17 அன்று, அவை கூடாத காலத்து நியமனமாக, டேவிஸுக்குப் பதவி வந்தது. டிசம்பரில் செனட் அதை உறுதிசெய்தது.

ஆகவே "கூலி" என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. கூலி தாமதமாக வந்தது, கேட்டு வாங்கப்பட்டது, அவ்வளவுதான். நான் மறுப்பது அதற்கு அடுத்த வரியை: கூலி வாங்கியவர் கூலிக்காரராகவே இருந்தார் என்பதை.

2024 பிப்ரவரி 10

மில்லிகன் வழக்கு. இதைச் சுருக்கமாக எழுத எனக்கு மனமில்லை.

லேம்டின் மில்லிகன் இண்டியானாவின் ஹண்டிங்டன் ஊர் வக்கீல். வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரை வெளிப்படையாக எதிர்த்தவர். 1864 அக்டோபரில் இராணுவம் அவரைக் கைதுசெய்து, இண்டியானாபொலிஸில் இராணுவத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தி, கிளர்ச்சிக்குச் சதி செய்தார் என்று தூக்குத் தண்டனை விதித்தது. 1865 மே 19 தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது. இதற்கிடையில் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் அதிபராகிவிட்டார்.

1863-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, ஆட்கொணர்வு உரிமை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், பிடித்து வைத்திருப்பவர்களின் பட்டியலை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். ஒருவர்மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்ய அடுத்து கூடும் பெருங்குற்ற ஜூரி குற்றம் சாட்டாமல் கலைந்தால் கைதியை விட்டுவிட வேண்டும். இண்டியானாபொலிஸில் ஜூரி கூடியது, மில்லிகன்மீது குற்றம் சாட்டவில்லை, கலைந்தது. அவர் மே 10 அன்று கூட்டாட்சிச் சுற்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் சுற்று நீதிமன்றங்களில் உட்கார வேண்டும். எனவே அந்த மனு வந்தது டேவிஸிடமும் மாவட்ட நீதிபதி மெக்டொனால்டிடமும். இருவரும் கருத்து மாறுபட்டோம் என்று எழுதி, வழக்கை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். இருவரும் உண்மையிலேயே மாறுபட்டார்களா என்று யாராவது கேட்டால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வழக்கு மேலே போவதற்கு இருந்த வசதியான வாசல் அதுதான். தூக்குத் தண்டனையும் ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது.

மில்லிகனுக்காக வாதாடிய மூவரில் ஒருவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். போரில் தளபதியாக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், பிற்காலத்து அதிபர். 1866 ஏப்ரல் 3 அன்று முடிவை அறிவித்தார்கள்: மில்லிகனை விடுவிக்க வேண்டும் என்பதில் ஒன்பது பேருக்கும் ஒரே கருத்து. டிசம்பர் 17 அன்று விரிவான தீர்ப்பை வாசித்தார்கள். பெரும்பான்மைக்காக எழுதியவர் டேவிஸ். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருந்து தடையின்றி இயங்கும் இடத்தில் பொதுமகன் ஒருவனை இராணுவம் விசாரிக்க முடியாது. அரசியலமைப்பு ஆள்பவர்க்கும் மக்களுக்கும் போரிலும் அமைதியிலும் ஒரே சட்டம் என்பது அதன் சாரம். நாடாளுமன்றமே அனுமதித்தாலும் முடியாது என்று ஐவர் சொன்னார்கள். அது மட்டும் தேவையில்லாத பேச்சு என்று தலைமை நீதிபதி சேஸ் உள்ளிட்ட நால்வர் விலகி எழுதினார்கள். லிங்கன் நியமித்தவர்கள் ஐந்து பேர் அந்த அமர்வில் இருந்தார்கள். அவர்களில் டேவிஸும் ஃபீல்டும் மட்டுமே அந்தக் கடுமையான வரி வரை போனவர்கள்.

இதைத்தான் கேள்வி கேட்டவரிடம் காட்ட நினைத்தேன். லிங்கன் அரசு கையாண்ட முறையைச் சட்டவிரோதம் என்று எழுதியவர், லிங்கனால் பதவி பெற்ற, லிங்கனின் நெருங்கிய நண்பர்.

2024 பிப்ரவரி 11

ஒரு பின்குறிப்பு. விடுதலையான மில்லிகன் தம்மைச் சிறையில் வைத்தவர்கள்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டு 1871-இல் வென்றார். அரசுத் தரப்புக்காக வாதாடியவர் பெஞ்சமின் ஹாரிசன், அவரும் பிற்கால அதிபர். ஜூரி வழங்கிய நஷ்டஈடு ஐந்து டாலர்.

2024 பிப்ரவரி 13

மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு, தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை இந்தத் தீர்ப்பு என்ன செய்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வேண்டுமென்றே தாண்டிப் போனதை அவர் பிடித்துவிட்டார்.

போருக்குப் பின் தெற்கில் வெள்ளையரின் உள்ளூர் நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் அங்கே கறுப்பினத்தவருக்கு நீதி கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஏதாவது காப்பு இருந்தது என்றால் அது இராணுவத் தீர்ப்பாயத்தில்தான். "நீதிமன்றம் திறந்திருக்கிறது" என்ற டேவிஸின் அளவுகோல் அந்தக் காப்பின் அடியிலேயே வெட்டு விழச்செய்தது. கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்ற 1857-இன் டிரெட் ஸ்காட் தீர்ப்பைவிட இது ஆபத்தானது என்று குடியரசுக் கட்சியின் தாடியஸ் ஸ்டீவன்ஸ் நாடாளுமன்றத்தில் பேசினார். தம் தீர்ப்பில், போருக்குப் பின் தெற்கை மறுபடி ஒழுங்குபடுத்திய மறுசீரமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று டேவிஸ் கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். வார்த்தை இல்லைதான். ஆனால் இண்டியானாவை மட்டும் மனதில் வைத்து எழுதிய வரி நாடு முழுவதற்கும் சட்டமாகும் என்பது உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அடிமை விடுதலைப் பிரகடனம் வந்தபோது அதை மாற்றிக்கொள்ளும்படி டேவிஸ் 1863 ஜனவரியில் லிங்கனிடம் வற்புறுத்தினார் என்பது பிரௌனிங்கின் நாட்குறிப்பில் இருக்கிறது. லிங்கன் அசையவில்லை. மூன்று நாள் முன்பு நான் டேவிஸுக்குச் சூட்டிய மாலையில் பாதிப் பூவை இன்று உருவிக்கொள்கிறேன்.

2024 பிப்ரவரி 24

இப்போது 1877. முந்தின ஆண்டு அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனும் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸும் மோதியிருந்தார்கள். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர்கள். டில்டனுக்கு 184 தேர்வாளர் வாக்குகள் உறுதி. வெல்லத் தேவை 185. ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்றிலும் இரண்டு கட்சியும் தாங்களே வென்றதாகத் தனித்தனிச் சான்றிதழ் அனுப்பியிருந்தன. ஓரிகனில் ஒரு தேர்வாளரைப் பற்றித் தகராறு. நாடாளுமன்றம் 15 பேர் கொண்ட ஆணைக்குழுவை அமைத்தது: கீழவையிலிருந்து ஐவர், செனட்டிலிருந்து ஐவர், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஐவர். நீதிபதிகளில் இரு கட்சிக்கும் இரண்டிரண்டு பேர் முன்பே குறிக்கப்பட்டார்கள். அந்த நால்வரும் சேர்ந்து ஐந்தாமவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஐந்தாமவர் டேவிஸ் என்பது ஊரறிந்த எதிர்பார்ப்பு. கூட்டிப் பார்த்தால் ஏழுக்கு ஏழு. மீதி ஒரு மனிதர். 300 பவுண்டு மனிதர் என்று சொல்லித் தொலைக்கிறேன்.

ஜனவரி 25 அன்று, ஆணைக்குழுவை அமைக்கும் மசோதா சட்டமாவதற்குச் சில நாட்கள் முன்னதாக, இல்லினாய் சட்டமன்றம் அவரைச் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அப்போது செனட் உறுப்பினர்களை மக்கள் அல்ல, மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. குடியரசுக் கட்சியின் ஜான் லோகனுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜனநாயகக் கட்சிக்கும் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு சில சுயேச்சைகள். வாக்கெடுப்பு நாற்பதாவது சுற்றை எட்டியபோதுதான் சுயேச்சைகளும் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து டேவிஸைக் கரையேற்றினார்கள். தேர்வாகிவிட்டதால் ஆணைக்குழுவில் உட்காரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஐந்தாமவராக ஜோசப் பிராட்லி வந்தார். தகராறான ஒவ்வொன்றிலும் எட்டுக்கு ஏழு. 185-க்கு 184 என்று ஹேய்ஸ் அதிபரானார்.

டேவிஸை விலைக்கு வாங்க டில்டன் தரப்பே இதைச் செய்தது என்றும், செய்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்றும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நாற்பது சுற்று இழுத்த ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குத் தன் சொந்தக் கணக்கே பெரிதாக இருந்திருக்கும். லோகனை வீழ்த்த வேண்டும், யாரும் முகம் சுளிக்காத ஒரு பெயர் வேண்டும். வாஷிங்டனில் நடப்பது அதற்கு இரண்டாம் பட்சம். ஒரு கட்சியும் தன்னவர் என்று சொல்ல முடியாதவரைத்தான் இரண்டு இடத்திலும் தேடினார்கள். இரண்டு இடத்திலும் அகப்பட்டவர் ஒரே ஆள்.

அவர்மீது எனக்குக் கோபம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஏழு பேர் குழு. பனி அள்ளும் குத்தகையை யாருக்குக் கொடுப்பது என்பதில் மூன்றுக்கு மூன்று, ஏழாமவன் நான். இரண்டு தரப்பும் என்னை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டன. வாக்கெடுப்பு நாளில் ஊரில் இருக்கமாட்டேன், அலுவலகப் பயணம் என்று எழுதி அனுப்பினேன். நடுநிலையில் இருப்பவன் தன் நடுநிலையைக் காப்பாற்றிக்கொள்ள விலகித்தான் ஆக வேண்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2024 பிப்ரவரி 27

முந்தின குறிப்பை நான் இப்போது நம்பவில்லை.

டேவிஸ் உச்ச நீதிமன்றத்திலிருந்து விலகியது 1877 மார்ச் 4 அன்று. ஆணைக்குழு பிப்ரவரி முழுவதும் உட்கார்ந்து, மார்ச் 2 அன்று எல்லாம் முடிந்துவிட்டது. அதாவது ஆணைக்குழு இயங்கிய ஒவ்வொரு நாளும் அவர் நீதிபதியாகவே இருந்தார். செனட்டுக்குத் தேர்வானது அவரைச் சட்டப்படி தடுக்கவில்லை. தடுத்தது என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தது. ஜனநாயகக் கட்சியின் வாக்கில் செனட்டுக்குப் போகும் நான் அக்கட்சியின் வேட்பாளருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் உலகம் நம்பாது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் எட்டுக்கு ஏழு என்று கட்சி வரிசையில் முடிந்த தீர்ப்பையும் உலகம் நம்பவில்லையே. அவர் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கட்சிக்காரர் அல்லாத ஒருவர் சாய்ந்தார் என்ற மரியாதை முடிவுக்கு இருந்திருக்கும். அதை அவர் கொடுக்கவில்லை.

என் விஷயத்தில் அலுவலகப் பயணமும் உண்மைதான், நான் அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

கேள்வி கேட்டவருக்கு: ஆதாயத்துக்காக நழுவினார் என்பதை இன்னும் மறுக்கிறேன். வாழ்நாள் பதவியை விட்டு ஆறு ஆண்டுப் பதவிக்குப் போனது லாபக் கணக்கில் வராது. நழுவினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2024 மார்ச் 9

இன்று அவர் பிறந்தநாள் என்பதால் மாளிகைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். 1870-இல் தொடங்கி 1872-இல் முடிந்த மஞ்சள் செங்கல் கட்டடம், 36 அறைகள், ஆல்ஃபிரட் பிக்கெனார்டு வடிவமைத்தது. வெந்நீர்க் குழாயும் வாயு விளக்கும் அன்றைய புதுமைகள். சாரா இங்கே அனுபவித்தது ஏழு ஆண்டு மட்டுமே, 1879-இல் இறந்துவிட்டார். அழுக்குப் படுக்கைக் கடிதங்கள் எல்லாம் அவருக்குத்தான் வந்தன.

ஒருவர் லிங்கனின் சொத்து விவகாரத்தைக் கேட்டிருந்தார். லிங்கன் உயில் எழுதாமல் இறந்தார், வக்கீலாக இருந்தும். அன்றே மகன் ராபர்ட் தந்தியடித்து டேவிஸை வரவழைத்தார். சொத்தை நிர்வகித்து, முதலீடு செய்து, 1867-இல் ஏறக்குறைய 1,10,000 டாலராகக் கணக்கை முடித்து, மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்று சம பங்காகப் பிரித்தார். சட்டப்படி சேர வேண்டிய நிர்வாகக் கூலியை அவர் வாங்கவில்லை. மேரி லிங்கனை 1875-இல் மனநல விசாரணைக்கு உட்படுத்த ராபர்ட் முடிவெடுத்தபோது அதற்கு ஆலோசனையும் ஆதரவும் தந்தவர்களில் டேவிஸும் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024 மார்ச் 16

செனட்டில் என்ன செய்தார் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: 1881-இல் இரு கட்சிக்கும் 37 பேர்; மீதி இருவர், வர்ஜீனியாவின் மஹோனும் டேவிஸும். மறுபடி அதே இடம், தராசின் முள். அந்த ஆண்டு கார்ஃபீல்ட் சுடப்பட்டு இறந்து, துணை அதிபர் ஆர்தர் மேலே போனதால் துணைப் பதவி காலியானது. அக்டோபர் 13 அன்று செனட் டேவிஸைத் தற்காலிகத் தலைவராக்கியது. அன்றைய சட்டப்படி ஆர்தருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அதிபர் பொறுப்பு டேவிஸிடம் வந்திருக்கும். 1883 மார்ச் வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, இந்த நிலை நீடித்தது. பிறகு ஊர் திரும்பி, மறுமணம் செய்துகொண்டு, 1886 ஜூன் 26 அன்று இங்கேயே இறந்தார். எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

2024 மார்ச் 30

அவருக்கே அதிபராகும் ஆசை இருந்ததா என்று கடைசியாக ஒருவர் கேட்கிறார். இருந்தது. நீதிபதியாக இருந்துகொண்டே 1872 பிப்ரவரியில் தொழிலாளர் சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். உண்மையில் அவர் எதிர்பார்த்திருந்தது சின்சினாட்டியில் கூடவிருந்த தாராளவாதக் குடியரசுக் கட்சியினரின் அழைப்பை. அவர்கள் பத்திரிகையாசிரியர் ஹோரஸ் கிரீலியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், டேவிஸ் விலகிக்கொண்டார். கிரீலி தேர்தலில் தோற்று, தேர்வாளர்கள் கூடுவதற்குள் இறந்தும் போனதால், அவருடைய வாக்குகள் பலருக்குச் சிதறின. அதில் மிசூரியிலிருந்து டேவிஸுக்கு ஒரு வாக்கு வந்தது.